இறங்கும்போது டீகாஸ் கத்தினால்

நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதாமல் எச்சரிக்கும் கருவிதான் டீகாஸ் (TCAS). அந்தப் பெட்டிக்கு ஒரு விஷயம் தெரியாது. நீங்கள் எந்த உயரத்தில் போய் நிற்கப் போகிறீர்கள் என்பது. கொன்ட்ரோலர் 12,000 அடிக்கு இறங்கச் சொல்லியிருப்பார், நீங்களும் அந்த எண்ணைத் திருகி வைத்திருப்பீர்கள், ஓட்டோபைலட்டும் அதைப் பிடிக்கத் தயாராக இருக்கும். இதில் எதுவுமே டீகாஸின் காதுக்குப் போவதில்லை. உங்கள் உயரம், அது மாறும் வேகம், எதிரே இருப்பவரின் தூரம், அவருடைய உயரம், இரண்டும் நெருங்கும் வேகம், இவைதான் அதற்குத் தெரியும். இரண்டு பேரும் இப்படியே போனால் என்ன ஆகும் என்று அது ஒவ்வொரு செக்கனும் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. கட்டுநாயக்கவுக்கு இறங்கினாலும் சரி, சென்னைக்கோ டுபாய்க்கோ இறங்கினாலும் சரி, சட்டப்படி 1,000 அடி இடைவெளி இருக்கும்போதே அந்தப் பெட்டி கத்துவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அதனால் டீகாஸைக் கையாளும் வேலை குரல் கேட்ட பிறகு தொடங்குவதில்லை, அதற்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே தொடங்குகிறது என்பது என் கட்சி. பாடப் புத்தகங்கள் குரலுக்குப் பிந்திய பகுதியைத்தான் நீட்டி எழுதுகின்றன.

பெயர்களை முதலில் முடித்துவிடுவோம். "ட்ரஃபிக், ட்ரஃபிக்" என்று வருவது டி.ஏ., அதாவது ட்ரஃபிக் அட்வைசரி. கவனி, தயாராக இரு என்று மட்டும் அதற்கு அர்த்தம். "க்ளைம்ப்" (ஏறு), "டிசென்ட்" (இறங்கு), "லெவல் ஓஃப்" (சமமாகப் பற) என்று வருவது ஆர்.ஏ., அதாவது ரெசலூஷன் அட்வைசரி. அது கட்டளை. டி.ஏ.யில் திரையில் மஞ்சள் வட்டம் தெரியும், ஆர்.ஏ.யில் சிவப்புச் சதுரம். 6 கடல் மைலுக்குள், 1,200 அடி மேலோ கீழோ இருப்பவர் நிரப்பிய வைரக்கட்டியாகத் தெரிவார், அதற்கு வெளியே இருப்பவர் வெற்று வைரக்கட்டி. பக்கத்தில் இருக்கும் எண் நூறடிக் கணக்கில்: "-10" என்றால் உங்களுக்கு 1,000 அடி கீழே. நிமிடத்துக்கு 500 அடி அல்லது அதற்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ அம்புக்குறியும் சேர்ந்துகொள்ளும். இறங்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்த அம்பைத்தான். "-25" என்பதில் பயமில்லை. "-25", பக்கத்தில் மேல்நோக்கிய அம்பு என்றால், அங்கேதான் கணக்குத் தொடங்குகிறது.

டீகாஸ் அளப்பது தூரத்தை அல்ல, நேரத்தை. இருவரும் மிக அருகே வரும் புள்ளிக்கு இன்னும் எத்தனை செக்கன் என்பதே அதன் அளவுகோல். உயரத்தைப் பொறுத்து அந்த எல்லை மாறும். 20,000 அடிக்கு மேலே டி.ஏ. 48 செக்கனில், ஆர்.ஏ. 35 செக்கனில் வரும். 10,000 முதல் 20,000 அடி வரை 45, 30. 5,000 முதல் 10,000 வரை 40, 25. அதற்குக் கீழே தரையிலிருந்து 2,350 அடி வரை 30, 20. அங்கிருந்து 1,000 அடி வரை 25, 15. தூரத்தில் சொன்னால், 600 நொட் வேகத்தில் இருவர் நேருக்கு நேர் நெருங்கினால் 30 செக்கன் என்பது 5 கடல் மைல். ஒருவர் பின்னால் ஒருவர் மெல்ல மெல்ல நெருங்கும்போது இந்த நேரக் கணக்கு ஏமாற்றிவிடும், பக்கத்திலேயே வந்துவிட்டாலும் செக்கன் குறையாது. அதற்காகத் தனியாக ஒரு தூர எல்லையும் வைத்திருக்கிறார்கள். 10,000 முதல் 20,000 அடிப் பட்டையில் ஆர்.ஏ.க்கு அது 0.8 கடல் மைல்.

இனி ஒரு கணக்கு. நீங்கள் 12,000 அடிக்கு இறங்குகிறீர்கள், நிமிடத்துக்கு 2,500 அடி. கீழிருந்து இன்னொருவர் 11,000 அடிக்கு ஏறுகிறார், நிமிடத்துக்கு 2,000 அடி. கொன்ட்ரோலர் கொடுத்த அனுமதியில் ஒரு பிழையும் இல்லை. இருவரும் தத்தம் உயரத்தில் நின்றால் நடுவே 1,000 அடி இருக்கும். ஆனால் செங்குத்தில் நீங்கள் நெருங்குவது நிமிடத்துக்கு 4,500 அடி, அதாவது செக்கனுக்கு 75 அடி. 45 செக்கனுக்கு 3,375 அடி. இடைவெளி அவ்வளவாகக் குறையும்போதே "ட்ரஃபிக்" என்ற குரல் வந்துவிடும். 30 செக்கனுக்கு 2,250 அடி. அந்த இடத்தில் ஆர்.ஏ. அப்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்? நின்ற பிறகு இருக்க வேண்டிய 1,000 அடியைக் கழித்தால் இருவரும் சேர்ந்து கடக்க இன்னும் 1,250 அடி மிச்சம். அதில் உங்கள் பங்கு சுமார் 700. ஆக நீங்கள் 12,700 இல், அவர் 10,450 இல். ஓட்டோபைலட் 12,000 ஐப் பிடிக்க இறங்கு வேகத்தைக் குறைக்கத் தொடங்கியிராமலே இருக்கலாம். பெட்டியின் கண்ணுக்கு இது மோதல். கிடைத்தூரத்திலும் நெருக்கம் இருந்தால் கத்தாமல் என்ன செய்யும்?

அதே இருவர் நிமிடத்துக்கு 1,500 அடியில் வந்தால் நெருங்கும் வேகம் செக்கனுக்கு 50 அடி. 30 செக்கனுக்கு 1,500 அடி. அந்த இடைவெளி வரும்போது ஆளுக்கு 250 அடிதான் மிச்சம், அதற்குள் இரண்டு ஓட்டோபைலட்டும் வேகத்தைக் குறைத்திருக்கும். 1,000 அடி வேகமென்றால் 30 செக்கன் எல்லை சரியாக 1,000 அடியில் வந்து விழுகிறது, அதாவது இருவரும் நின்றுவிட்ட இடத்தில். ஆர்.ஏ. வராது.

பக்கத்து உயரத்தில் இன்னொரு விமானம் இருப்பது தெரிந்தால் கடைசி 1,000 அடியை நிமிடத்துக்கு 1,500 அடிக்குக் குறைவான வேகத்தில் கடக்கும்படி சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் செயல்முறைகள் சொல்வதன் பின்னணி இந்தக் கணக்குத்தான். யாரும் இல்லாத வானத்தில் இப்படி நெளிய வேண்டியதில்லை. தேவையில்லாமல் முன்கூட்டியே மெதுவாக்கினால் இறங்கும் கோடு கெட்டு, கடைசியில் இறக்கை மேல் எழும்பிக் காற்றைத் தடுக்கும் ஸ்பீட்பிரேக்கை இழுத்து ஈடுகட்ட வேண்டி வரும். எயார்பஸ்ஸில் இறங்கத் தொடங்கும் முன் டீகாஸ் தெரிவுக் குமிழை "பிலோ" பக்கம் திருப்பி வையுங்கள். அப்போது 9,900 அடி கீழே வரைக்கும் இருப்பவர்கள் திரையில் தெரிவார்கள். சாதாரண நிலையில் விட்டால் 2,700 அடிதான். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் டி.ஏ. வந்ததே 3,375 அடியில். அந்தக் குமிழைத் திருப்பாதவருக்குக் குரல் கேட்ட பிறகுதான் அந்த ஆள் இருப்பதே தெரியவரும்.

டி.ஏ. வந்துவிட்டது. இப்போது என்ன? எயார்பஸ்ஸில் ஓட்டுபவர் "டீகாஸ், ஐ ஹேவ் கொன்ட்ரோல்" என்கிறார். கை ஸ்டிக்குக்குப் போகிறது, ஆனால் ஸ்டிக் அசைவதில்லை. யார் ஓட்டுகிறார் என்பதில் குழப்பம் இல்லாமல் இருப்பதற்கே இந்த வாசகம். மற்றவர் திரையைப் பார்த்துவிட்டு வெளியே தேடுகிறார். இறங்கு வேகம் கூடுதலாக இருந்தால், அனுமதிக்கு உட்பட்டுக் குறைக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் செய்யக்கூடாது.

"ஏன் அண்ணா, திரையில் இடப்பக்கம் தெரிந்தால் வலப்பக்கம் திரும்பினால் ஆச்சே?" இரத்மலானையில் பயிற்சி எடுக்கும் தம்பிமார் தவறாமல் கேட்கும் கேள்வி இது. திரும்பக்கூடாது. டீகாஸ் 1030 மெகாஹேர்ட்ஸில் கேள்வி கேட்டு 1090 இல் பதில் வாங்குகிறது. பதில் வந்து சேர எடுத்த நேரத்திலிருந்து தூரத்தைத் துல்லியமாகக் கணக்கிடும். உயரத்தை எதிராளியின் டிரான்ஸ்பொண்டரே, அதாவது அந்தக் கேள்விக்குப் பதில் அனுப்பும் கருவியே, சொல்லிவிடுகிறது. திசையை மட்டும் விமானத்தில் பொருத்திய சின்ன அன்டெனாவை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது, அதில் பல பாகை பிழை வரலாம். திரையில் பத்து மணித் திசையில் தெரிபவர் உண்மையில் பன்னிரண்டுக்கு அருகில் இருக்கலாம். அதை நம்பித் திரும்பினால் அவர் முன்னால் போய் நிற்பீர்கள். டீகாஸ் ஏற்றத்தையும் இறக்கத்தையும் மட்டுமே கட்டளையிடுவதற்கும் இதே காரணம்தான். ஜன்னல் வழியே பார்த்துவிட்டேன், அவர் விலகித்தான் போகிறார் என்பதையும் நம்பாதீர்கள். இரவில் இரண்டு விளக்குகளில் எது மேலே, எது கீழே என்று கண்ணால் சொல்ல முடியாது. நீங்கள் பார்த்தது வேறு விமானமாகவும் இருக்கலாம்.

ஆர்.ஏ. வந்தால் முதற் கட்டளைக்கு 5 செக்கனுக்குள் அசைய வேண்டும். கணினி எழுதியவர்கள் விமானி 5 செக்கனில் தொடங்குவார், கால் ஜீ (புவியீர்ப்பில் கால்பங்கு) அளவில் இழுப்பார் என்று வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எயார்பஸ்ஸில், டீகாஸைத் தானே பின்பற்றத் தெரியாத சாதாரண ஓட்டோபைலட் என்றால், ஓட்டுபவர் அதைத் துண்டிக்கிறார், "ஃப்ளைட் டைரக்டர்ஸ் ஓஃப்" என்கிறார், கவனிப்பவர், மூக்கை எங்கே வைப்பது என்று திரையில் காட்டும் அந்த ஃப்ளைட் டைரக்டர் இரண்டையும் அணைக்கிறார். பிறகு செங்குத்து வேக அளவியில் சிவப்பை விட்டு விலகிப் பச்சைக்குள் ஊசியைக் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

ஃப்ளைட் டைரக்டர் இரண்டையும் ஏன் அணைக்க வேண்டும் என்பதைப் பலர் மனப்பாடமாகச் செய்கிறார்களே தவிர யோசிப்பதில்லை. நீங்கள் ஓபன் டிசென்டில், எஞ்சின் ஐட்லில் (மிகக் குறைந்த விசையில்) இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த முறையில் எஞ்சின் ஐட்லிலேயே இருக்கும், வேகத்தைப் பிடிப்பது மூக்கின் கோணம். இப்போது ஓட்டோபைலட்டை மட்டும் துண்டித்து மூக்கைத் தூக்கினால் எஞ்சின் ஐட்லிலேயே கிடக்கும், வேகம் மடமடவென்று விழும். ஃப்ளைட் டைரக்டர் இரண்டும் அணைந்தால், எஞ்சின் விசையைத் தானாகச் சரிசெய்யும் ஓட்டோ த்ரஸ்ட் வேகம் காக்கும் முறைக்கு மாறும், எஞ்சின் தானாக ஏறும். ஒன்றை மட்டும் அணைத்தால் போதாது. போயிங்கில் கதை வேறு. ஓட்டோபைலட், ஓட்டோ த்ரொட்டில் இரண்டையும் துண்டித்து, கையால் எஞ்சினைக் கொடுத்து, முன் திரையில் தெரியும் சிவப்புக் கோடுகளுக்கு வெளியே மூக்கை வைக்க வேண்டும். எந்த வகையானாலும் இறங்கும்போது ஸ்பீட்பிரேக் வெளியே நிற்கக்கூடும். "க்ளைம்ப்" வந்தால் அதை உள்ளே தள்ள மறக்காதீர்கள்.

எவ்வளவு இழுப்பது? இங்கேதான் அதிகம் பிழை விடுகிறார்கள். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 12,700 அடியில் "லெவல் ஓஃப்" வருகிறது என்று வையுங்கள். காட்டும் வேகம் 300 நொட் என்றால் அந்த உயரத்தில் உண்மை வேகம் ஏறக்குறைய 360, நிமிடத்துக்கு 6 கடல் மைல். கைக்கணக்கு இதுதான்: நிமிடத்துக்கு எத்தனை கடல் மைலோ, அதை நூறால் பெருக்கினால் மூக்கின் ஒரு பாகைக்கு நிமிடத்துக்கு அத்தனை அடி மாறும். ஆக ஒரு பாகைக்கு 600 அடி. 2,500 ஐச் சுழியமாக்க நாலு பாகை போதும். ஐந்து செக்கன் தாமதத்தில் நீங்கள் 210 அடி இறங்கியிருப்பீர்கள், கால் ஜீயில் இழுத்து நிறுத்த இன்னும் ஐந்து செக்கனும் சுமார் 110 அடியும். 12,400 க்குச் சற்றுக் கீழே சமமாகப் பறந்துகொண்டிருப்பீர்கள். 12,000 ஐத் தொடக்கூட இல்லை. பின்னால் கேபினில் தேநீர்க் கோப்பை கவிழாது.

பதற்றத்தில் பத்து பாகைக்கு இழுப்பவர்கள் உண்டு. நின்றால் போதும் என்று சொன்ன பெட்டிக்கு நிமிடத்துக்கு 3,500 அடி ஏறிக் காட்டுவார்கள். மேலே 13,000 இல் இன்னொருவர் வந்துகொண்டிருந்தால் அவருக்கும் ஒரு ஆர்.ஏ. பரிசு. பச்சையின் விளிம்பைத் தொட்டுவிட்டால் போதும், அதற்கு மேல் உங்களிடம் யாரும் கேட்கவில்லை. "க்ளைம்ப்" என்பதும் "டிசென்ட்" என்பதும் நிமிடத்துக்கு 1,500 அடி. "இன்க்ரீஸ்" என்று வந்தால் 2,500. கூட்டச் சொன்னாலோ, திசையை மாற்றி "டிசென்ட், டிசென்ட் நவ்" என்றாலோ உங்களுக்கு 5 செக்கன் இல்லை, 2.5 செக்கன்தான், இழுப்பும் 0.35 ஜீ. ஆபத்து குறைந்ததும் பெட்டியே கட்டளையைத் தளர்த்தி "லெவல் ஓஃப்" என்னும். அதையும் உடனே பின்பற்ற வேண்டும். முதற் கட்டளையிலேயே தொங்கிக்கொண்டிருந்தால் அனுமதித்த உயரத்திலிருந்து தேவையில்லாமல் விலகிப் போவீர்கள். "மொனிட்டர் வேர்ட்டிகல் ஸ்பீட்" என்று மட்டும் வந்தால் கை வைக்க வேண்டாம், ஊசி சிவப்புக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் சரி.

இந்த "லெவல் ஓஃப்" என்ற வாசகத்துக்கு ஒரு பின்கதை இருக்கிறது. டீகாஸ் மென்பொருளின் 7.0 பதிப்பில் அந்த இடத்தில் "அட்ஜஸ்ட் வேர்ட்டிகல் ஸ்பீட், அட்ஜஸ்ட்" என்று வரும். செங்குத்து வேகத்தைக் குறை என்பதே அதன் பொருள். குரலில் எந்தப் பக்கம் என்று இல்லாததால் சில விமானிகள் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டினார்கள். 7.1 பதிப்பு அதைத் தூக்கிவிட்டு "லெவல் ஓஃப்" என்று வைத்தது. சர்வதேச விதிப்படி 2017 ஜனவரி 1 முதல் டீகாஸ் வைத்திருக்க வேண்டிய எல்லா விமானத்திலும் 7.1 இருக்க வேண்டும்.

கொன்ட்ரோலர் ஒன்று சொல்ல, டீகாஸ் வேறொன்று சொன்னால்? டீகாஸைப் பின்பற்றுங்கள். இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. 2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் ஊபர்லிங்கன் மேலே 36,000 அடியில் ஒரு டுபோலெவ் 154 உம் ஒரு சரக்கு போயிங் 757 உம் நெருங்கின. டுபோலெவின் டீகாஸ் ஏறச் சொன்னது, கொன்ட்ரோலர் இறங்கச் சொன்னார். அவர்கள் இறங்கினார்கள். 757 இன் டீகாஸ் அதை இறங்கச் சொல்லியிருந்தது, அதுவும் இறங்கியது. 71 பேர் இறந்தார்கள். இரண்டு பெட்டிகளும் தமக்குள் பேசி, ஒருவருக்கு ஏறு என்றால் மற்றவருக்கு இறங்கு என்று பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒருவர் மட்டும் அந்த உடன்பாட்டை மீறினால் இருவரும் ஒரே பக்கம் போய் முடியும். அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானில் கொன்ட்ரோலர் பறப்பு எண்ணை மாற்றிச் சொல்ல, ஒரு 747 தன் டீகாஸின் "க்ளைம்ப்" ஐ விட்டுவிட்டு இறங்கியது. எதிரே வந்த டிசி-10 இன் டீகாஸும் இறங்கவே சொல்லியிருந்தது. கடைசிக் கணத்தில் மூக்கைக் குத்தித் தப்பினார்கள். மோதவில்லை, ஆனால் அந்தக் குத்தலில் 747 இல் நூறு பேர் காயப்பட்டார்கள். 7.1 பதிப்பில் கட்டளையைத் திசைமாற்றும் கணக்கைத் திருத்தியதும் இப்படி இருவரும் ஒரே பக்கம் போகும் நிலைக்காகத்தான்.

வானொலியில் அதிகம் கதைக்க வேண்டாம். அனுமதிக்கு மாறாகப் போக நேர்ந்தால், கை சற்று ஓய்ந்ததும் அழைப்புக் குறியோடு "டீகாஸ் ஆர்.ஏ." என்றால் போதும். ஏறுகிறேன், இறங்குகிறேன் என்ற விளக்கம் வேண்டாம். கொன்ட்ரோலர் "ரொஜர்" என்பார். அந்தச் சொல்லைக் கேட்ட பின் உங்கள் பாதையை மாற்றச் சொல்ல அவருக்கு அனுமதியில்லை. இடையில் அவர் ஏதும் சொல்லிவிட்டால் "அனேபிள் (முடியாது), டீகாஸ் ஆர்.ஏ." என்றால் சரி. பெட்டி என்ன கட்டளை கொடுத்தது என்பது பல இடங்களில் கொன்ட்ரோலரின் திரைக்குத் தெரியாது. நீங்கள் வாய் திறக்காவிட்டால் அவர் உதவி செய்வதாக நினைத்து எதிர்ப்பக்கம் அனுப்பக்கூடும்.

டீகாஸுக்கும் மேலே ஆட்கள் உண்டு. ஸ்டோல் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) எச்சரிக்கை, காற்றுக் கத்தரிப்பு (காற்று திடீரென மாறுவது) எச்சரிக்கை, தரை நெருங்கும் எச்சரிக்கை மூன்றும் அதை முந்தும். தரை எச்சரிக்கையோ காற்றுக் கத்தரிப்போ ஒலித்தால் டீகாஸ் தானாகவே டி.ஏ.க்கு மட்டும் இறங்கி வாயை மூடிக்கொள்ளும். ஒரு எஞ்சின் போய்விட்டால் நாமே அதை டி.ஏ. மட்டும் என்ற நிலையில் வைக்கிறோம், ஏற முடியாத விமானத்துக்கு "க்ளைம்ப்" சொல்லி என்ன பயன்?

இனிக் கீழே வருவோம். கட்டுநாயக்க ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து 30 அடி அளவிலேயே இருக்கிறது. 04 ஓடுபாதைக்குத் தென்மேற்கிலிருந்து கடல் மேலாக வரும்போது தரைக்கு மேலான உயரத்தை அளக்கும் ரேடியோ உயரமானியும் சாதாரண உயரமானியும் ஏறக்குறைய ஒன்றையே காட்டும். அதனால் டீகாஸின் தடை எல்லைகளை இங்கே மனதில் வைப்பது இலகு. மூன்று பாகைச் சரிவில் 2,350 அடி என்பது ஓடுபாதை முனையிலிருந்து 7.4 கடல் மைல். அங்கிருந்து ஆர்.ஏ.க்கான எல்லை 15 செக்கன். 1,450 அடிக்குக் கீழே "இன்க்ரீஸ் டிசென்ட்" வராது. 1,000 அடிக்குக் கீழே "டிசென்ட்" வராது. 900 அடியில், அதாவது முனைக்கு 2.8 கடல் மைலில், எந்த ஆர்.ஏ.யும் இல்லை. 400 அடிக்குக் கீழே "ட்ரஃபிக்" குரலும் இல்லை. ஏறும்போது இந்த எல்லைகள் ஒவ்வொன்றும் 200 அடி மேலே மாறும்.

சக்கரமும் ஃப்ளாப்பும் முழுதாக இறங்கிய நிலையில் "க்ளைம்ப்" வந்தால் அதைக் கோ அரவுண்டாகவே, அதாவது இறங்குவதை விட்டு மீண்டும் மேலே ஏறுவதாகவே, எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோலத்தில் ஐட்லுக்குச் சற்று மேலே இருக்கும் எஞ்சினோடு மூக்கை மட்டும் தூக்கினால் கிடைப்பது ஏற்றம் அல்ல.

கொழும்பைச் சுற்றி நினைவில் வைக்க வேண்டியது இரத்மலானை. கட்டுநாயக்கவிலிருந்து நேர்கோட்டில் 40 கிலோமீற்றர் தெற்கே, பயிற்சி விமானங்களும் சிறு விமானங்களும் எழும்பும் இடம். 5,700 கிலோகிராமுக்குக் குறைந்த, 19 இருக்கைக்கு மேற்படாத விமானங்களுக்குச் சர்வதேச விதிப்படி டீகாஸ் கட்டாயமில்லை. அது பரவாயில்லை, டிரான்ஸ்பொண்டர் உயரத்தோடு பதில் சொன்னால் உங்கள் பெட்டி தனியாகவே கணக்குப் போட்டுக் கட்டளை தரும். உயரம் சொல்லாத டிரான்ஸ்பொண்டர் என்றால் டி.ஏ. வரலாம், ஆர்.ஏ. வராது. டிரான்ஸ்பொண்டரே அணைந்திருந்தால் அந்த விமானம் உங்கள் பெட்டிக்கு இல்லவே இல்லை. 2006 செப்டெம்பர் 29 அன்று பிரேசிலில் 154 பேரைக் கொண்டுபோன மோதலில் ஒரு விமானத்தின் டிரான்ஸ்பொண்டர் பதில் சொல்லாமல் இருந்தது, இரண்டிலும் டீகாஸ் இருந்தும் ஒன்றுகூடக் கத்தவில்லை. காலிமுகத்திடலில் ஏறும் பட்டத்துக்கும் ட்ரோனுக்கும் டிரான்ஸ்பொண்டர் கிடையாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

புதிய எயார்பஸ்களில் ஓட்டோபைலட்டே ஆர்.ஏ.யைப் பின்பற்றும். 2009 இல் ஏ380 இல் இதற்குச் சான்றிதழ் கிடைத்தது, பிறகு மற்ற வகைகளுக்கும் வந்தது. அதில் ஓட்டோபைலட்டைத் துண்டிக்கக்கூடாது. பழைய விமானத்தில் பழகிய கை முதலில் செய்வதே அதைத்தான். ஒரே நிறுவனத்தில் இரண்டு வகையும் ஓடினால், இறங்கத் தொடங்கும் முன் நடக்கும் பேச்சில் இன்று எந்த வகை என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது. இன்னொரு வசதியும் இதோடு வந்தது: உயரத்தைப் பிடிக்கப் போகும்போது டி.ஏ. வந்தால் ஓட்டோபைலட் தானே முன்கூட்டி மென்மையாகப் பிடிக்கத் தொடங்கும். மேலே போட்ட 2,500 அடிக் கணக்கை நாம் மறந்தாலும் விமானம் மறக்காது. எனக்கு இந்த வசதிதான் கூடுதலாகப் பிடிக்கும், குரலையே வராமல் பார்த்துக்கொள்கிறதே.

"க்ளியர் ஒஃப் கொன்ஃப்ளிக்ட்" (ஆபத்து நீங்கியது) என்று வந்ததும் அனுமதித்த உயரத்துக்குத் திரும்புங்கள், "க்ளியர் ஒஃப் கொன்ஃப்ளிக்ட், ரிட்டேர்னிங் டு 12,000" என்று சொல்லுங்கள். முகாமைத்துவத்துக்கான அறிக்கையும் பதிவேட்டுக் குறிப்பும் தரையிறங்கிய பிறகு. நேரம், உயரம், என்ன குரல், எவ்வளவு விலகினீர்கள் என்பதை மறக்குமுன் ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கி வையுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. ஃப்ளைட் டைரக்டரையும் ஓட்டோபைலட்டையும் மீண்டும் போடும்போது அவை பழைய முறைக்குத் திரும்புவதில்லை, அந்தக் கணத்தில் இருக்கும் திசையையும் செங்குத்து வேகத்தையும் பிடித்துக்கொள்ளும். சமமாகப் பறக்கும்போது போட்டால் 12,400 இலேயே நின்றுவிடும், வளைய வேண்டிய இடத்திலும் வளையாது. இறங்கும் முறையையும் வழித்தட முறையையும் கையால் தெரிவுசெய்து, திரையின் மேல்வரியில் இரண்டும் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாய்விட்டு வாசியுங்கள்.